ஆறு ஆண்டுகள், 520 மணி: பழைய தோட்ட டிராக்டரும் அதன் கருவிகளும்

எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் கணக்கிட இருக்கைக்கு அடியில் நான் பொருத்திய மணிமானி இன்று 520 காட்டுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, எஞ்சினைப் பிரித்துக் கோத்து முடித்த அன்று அது பூச்சியத்தில் இருந்தது. இவ்வளவு ஓட்டத்தில் எஞ்சின் என்னை நடுவேலையில் நிறுத்தியது மூன்றே முறை. புல்வெட்டும் டெக் (வண்டியின் வயிற்றில் தொங்கும், கத்திகளை மூடிய தகட்டுக் கூடு), தூக்குக் கம்பிகள், பெல்ட், கலப்பை ஆகியவை நிறுத்திய நாட்களுக்குக் கணக்கில்லை. பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை மீட்டெடுக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டிக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரத்தை அதன் இணைப்புக் கருவிகளுக்கு ஒதுக்குங்கள்.

என்னுடையது 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்த வீல் ஹார்ஸ் சி-120. எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் 1946இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரில் தொடங்கிய நிறுவனம் வீல் ஹார்ஸ். 1986இல் டோரோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1961இல் வந்த கப் கேடட், 1963இல் வந்த ஜான் டியர் 110 ஆகியவையும் ஏறக்குறைய இதே இனம்தான். கனத்த எஃகுச் சட்டம், வார்ப்பிரும்புக் கியர் பெட்டி, முன்னும் பின்னும் வயிற்றுக்கு அடியிலும் கருவி மாட்ட இடம். எதைக் கழற்றினாலும் திரும்பப் பூட்ட முடியும். நான் இந்த வண்டிகளை விரும்புவதற்கு முதல் காரணம் அதுவே. கீழே நான் சொல்லப்போகும் குறைகள் எதுவும் தயாரிப்பில் வந்தவை அல்ல. அரை நூற்றாண்டு மழையும், கிரீஸ் காணாத கைகளும் கொடுத்தவை.

எஞ்சினைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோலர் கே301. ஒற்றை உருளை, வார்ப்பிரும்பு உடல், 476 சிசி, நிமிடத்துக்கு 3,600 சுழற்சியில் 12 குதிரைத்திறன். உருளையைக் கடைந்து ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டேன், வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தேன், தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளியை 0.020 அங்குலத்தில் வைத்தேன். மூன்று முறை நின்றதில் இரண்டு, எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியிலேயே விட்டதால் வந்த அடைப்பு. மூன்றாவது, தீப்பொறிச் சுற்றில் இருக்கும் கண்டென்சர் கெட்டது. இந்த எஞ்சினில் எண்ணெய் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற பகுதி, சுற்றும்போதெல்லாம் எண்ணெயை வாரி இறைக்கிறது. ராடு அலுமினியம். எண்ணெய் மட்டம் இறங்கினால் முதலில் உடைவது அதுதான். அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்காமல் ஒருநாளும் சாவியைத் திருப்பாதீர்கள். 500 மணிக்கு ஒருமுறை உருளைத் தலையைக் கழற்றிக் கரி நீக்கச் சொல்கிறார்கள். சென்ற மாதம் செய்தேன், பிஸ்டன் தலையில் பொருக்காகப் படிந்திருந்ததைப் பார்த்தபோது அந்த அறிவுரைக்குப் பொருள் புரிந்தது.

பின் சக்கர மையங்களைக் கழற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அச்சோடு ஒட்டிப் போயிருந்தவை. சுத்தியலை எடுக்கக் கூடாது. வார்ப்பிரும்பு எச்சரிக்கை எதுவும் தராமல் விரிசல் விடும். துருத் தளர்த்தும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு, இழுப்பானைப் பூட்டி, ஒவ்வொரு நாளும் கால் சுற்று மட்டும் இறுக்கினேன். ஒன்பதாம் நாள் இரவு, யாரும் தொடாதபோதே, பட்டென்று ஒரு சத்தத்துடன் இடது பக்கம் விடுபட்டது. மையத்தை அச்சோடு பிணைக்கும், பாதி நிலவு போன்ற சாவித்துண்டு தேய்ந்து, அது உட்காரும் பள்ளமும் அகன்றிருந்தது. பூட்டுத் திருகு தளர்ந்த நிலையில் யாரோ நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை அந்தத் திருகைச் சோதிப்பது இரண்டு நிமிட வேலை.

கியர் பெட்டியைத் திறக்காதவர்கள் அதன் எண்ணெயையாவது மாற்றிப் பாருங்கள். எனக்கு வடிந்தது பாலில் கலந்த காபி நிறத்தில் இருந்தது. கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்து, மழை நீர் உள்ளே இறங்கியிருந்தது. மண்ணெண்ணெயால் இருமுறை கழுவி, 90 எண் கியர் எண்ணெய் 1.9 லிட்டர் ஊற்றினேன். புது உறை போட்ட பிறகு இன்றுவரை எண்ணெய் தெளிவாகவே வடிகிறது.

இனி டெக். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் இலை இலையாக உதிரும் துரு. மின்னாற்பகுப்பு முறையில் அதை நீக்கினேன். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் சலவைச் சோடா. மின்னேற்றியின் எதிர்முனை டெக்கிற்கு, நேர்முனை வேண்டாத இரும்புத் துண்டுகளுக்கு. நேர்முனையில் எவர்சில்வர் மட்டும் கூடாது, நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். இரண்டு நாட்களில் துரு கருப்புச் சேறாகிக் கையால் துடைக்க வந்தது. கழுவிக் காயவைத்த அன்றே முதல் பூச்சு அடித்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டால் மறுபடி செம்மை படரும்.

அந்தப் பூச்சு மேற்புறத்தில் இன்றும் பளபளக்கிறது. அடிப்புறத்தில் ஒரே பருவத்தில் போய்விட்டது. மணலும் ஈரப் புல்லும் வினாடிக்கு எண்பது மீட்டர் வேகத்தில் மோதும் இடத்தில் எந்த வண்ணமும் நிலைக்காது. மூன்று வகைப் பூச்சுகளை அடித்துப் பார்த்து நேரத்தை இழந்த பிறகு, வெட்டி முடித்தவுடன் சுரண்டிக் காயவிடுவதோடு நிறுத்திக்கொண்டேன். தகட்டின் தடிமன் அதற்குப் பிறகு குறையவில்லை.

கத்தி சுழலும் தண்டின் பேரிங்குகளை மாற்றும்போது அவற்றின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எந்த பேரிங் விற்பனையாளரிடமும் கிடைக்கும் பொது அளவுகள்தான். நான் முதன்முறை பேரிங்கை மட்டும் மாற்றினேன், தண்டின் தேய்மானத்தை அளக்கவில்லை. நாற்பது மணியில் அதிர்வு திரும்பி வந்தது. அந்த அதிர்வுதான் டெக்கைத் தாங்கும் கொக்கிகளை முறித்தது, பெல்ட்டை உதறித் தள்ளியது. மூல காரணத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டுகள் விளைவுகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தேன்.

டெக்கில் சிறிய புல்லி போட்டால் கத்தி வேகமாகச் சுற்றும், வெட்டு மென்மையாக வரும் என்று பலரும் சொல்வார்கள். தயவுசெய்து முதலில் கணக்குப் போடுங்கள். கத்தி முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. 18 அங்குலக் கத்தி 3,600 சுழற்சியில் ஏறத்தாழ 17,000 அடி வேகத்தில் போகிறது. புல்லியை மாற்றி அதை இருபது விழுக்காடு கூட்டினால் 20,000 தாண்டிவிடும். கத்தி ஒரு கல்லில் பட்டு முறிந்தால் அந்தத் துண்டு யார் மீது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைத் தளர்த்தி எஞ்சினைக் கூடுதல் வேகத்தில் விடுவதும் இதே வகை ஆபத்து. இவை இரண்டையும் நான் மாற்றம் என்ற கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

நான் செய்து பார்த்துப் பின்வாங்கிய மாற்றம் ஒன்று உண்டு. கருவியைத் தூக்கும் கைநெம்புகோலை எடுத்துவிட்டு மின்சாரத் தூக்கியைப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் மண் தள்ளும் தகடு ஏறும், இறங்கும். முதல் வாரம் பெருமையாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நெம்புகோல் இருந்தபோது தகடும் டெக்கும் நிலத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தாமே மிதந்து ஏறி இறங்கின என்பது. மின்தூக்கி ஓரிடத்தில் நின்றால் இரும்புத் தூண் போலப் பிடித்துக்கொள்கிறது. மேட்டில் தகடு மண்ணைக் கிழித்தது, பள்ளத்தில் காற்றில் தொங்கியது. தூக்கிக்கும் கருவிக்கும் நடுவே ஒரு சங்கிலித் துண்டை வைத்தால் மேல்நோக்கி மிதக்க விடலாம். அப்படிச் செய்து ஓராண்டு ஓட்டினேன். ஆனாலும் நெம்புகோல் கைக்குச் சொல்லும் செய்தியைப் பொத்தான் சொல்வதில்லை. கலப்பை கல்லில் மோதும்போது கையில் ஒரு நடுக்கம் வரும், அதற்காகவே பழையதைத் திரும்பப் பூட்டினேன். சட்டத்தில் புதுத் துளை எதுவும் போடாமல் பழைய துளைகளையே பயன்படுத்தியிருந்ததால் அரை நாளில் முடிந்தது.

நிலைத்து நின்றவை சிறிய மாற்றங்கள். முன் அச்சின் நடு ஊசியிலும் சக்கரம் திரும்பும் ஊசிகளிலும் கிரீஸ் நிப்பிள் போட்டது இந்த ஆறு ஆண்டுகளில் நான் செய்த சிறந்த வேலை. ஸ்டீயரிங்கின் ஆட்டம் அன்று குறைந்தது, இன்றும் கூடவில்லை. எல்ஈடி விளக்குகள் நன்றாக உழைக்கின்றன. பின் சக்கரங்களுக்கு வார்ப்பிரும்பு எடைகள் போட்டேன். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பும் வழக்கம் உண்டு, ஆனால் ஒரு சிறு கசிவு போதும், விளிம்பை அது தின்றுவிடும். என் வலது பின் விளிம்பில் விரல் நுழையும் ஓட்டை இருந்தது அதனால்தான்.

கலப்பையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பத்து அங்குல இறக்கைக் கலப்பை, மண்ணைப் புரட்டிப் போடும் வகை. முதல் ஆண்டு அது மண்ணைப் புரட்டவே இல்லை, ஓரமாக ஒதுக்கித் தள்ளியது. காரணங்கள் இரண்டு. இறக்கையில் நான் ஆசையாக அடித்த வண்ணத்தில் மண் ஒட்டிக்கொண்டது. அந்தப் பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால்தான் மண் வழுக்கிப் புரளும். வண்ணத்தைச் சுரண்டி, தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் கிரீஸ் பூசி வைக்கிறேன். இரண்டாவது, நான் சமதரையில் நிறுத்திக் கலப்பையை நேராக்கியது. உழும்போது வலது சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓடும், வண்டியே சாய்ந்திருக்கும். ஆகவே ஆறு அங்குல ஆழம் உழ வேண்டுமென்றால், இடது சக்கரங்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வைத்து வண்டியைச் சாய்த்து நிறுத்தி, அந்த நிலையில் கலப்பையை நிமிர்த்திப் பூட்ட வேண்டும். அப்படிச் செய்த அன்று முதல் சால், சுருண்டு விழுந்த பாய் போலத் திரும்பியது. இறங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொழுவின் முனை இப்போது மழுங்கிவிட்டது. மண்ணில் இறக்குவதற்கு முன் அதை மாற்றிவிட்டு, டெக்கின் இடது பேரிங்கையும் தண்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். சென்ற சனிக்கிழமை அதிலிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டது.