ஸ்டீம் கேம் ரெக்கார்டிங்: எடுக்கறத விட, எடுத்தத தேடிப் பிடிக்கறதுக்குத் தான் இது வேணும்

கேம் ரெக்கார்ட் பண்ண எந்த சாப்ட்வேர் நல்லாருக்கும்னு யார் கேட்டாலும் பேச்சு எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தன படம் ஓடுதுங்கற கணக்கு) குறையுதா, குவாலிட்டி எப்படி, வாட்டர்மார்க் வருதான்னு அதுலயே சுத்திட்டு இருக்கும். இதெல்லாம் இப்ப பெரிய பிரச்சனையே இல்லைங்க. கிராபிக்ஸ் கார்டுலயே வீடியோவ சுருக்கி எழுதற என்கோடர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, எத வச்சு எடுத்தாலும் வீடியோ நல்லாவே வரும். தலைவலி எடுத்து முடிச்சதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. டிஸ்க் ஃபுல்லா வீடியோ, எதுல என்ன இருக்குன்னு தெரியாது, போன மாசம் ஒரு கிளட்ச் (டீம்ல கடைசி ஆளா நின்னு ரவுண்ட ஜெயிக்கறது) அடிச்சோமே அது எந்த ஃபைல்னு ஒவ்வொன்னா திறந்து ஓட்டி ஓட்டிப் பாத்து பாதியிலயே வெறுத்துப் போய் மூடிடுவோம். இந்த ஒரு விஷயத்துல, கம்ப்யூட்டர் கேம் வாங்கி ஆடற ஸ்டீம் ஆப்ல இருக்கற கேம் ரெக்கார்டிங் மத்ததை எல்லாம் தாண்டி நிக்குது, அதனால தான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு, இது 2024 ஜூன்ல பீட்டாவா வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. தனியா எதுவும் டவுன்லோட் பண்ண வேணாம், காசும் கிடையாது, ஸ்டீம் செட்டிங்ஸ் உள்ள போனா கேம் ரெக்கார்டிங்னு ஒரு பக்கம் இருக்கும். பேக்கிரவுண்ட்ல எப்பவும் ஓடிட்டே இருக்கற மாதிரியும் வைக்கலாம், வேணும்ங்கறப்ப மட்டும் கன்ட்ரோல் எஃப்11 தட்டி எடுக்கற மாதிரியும் வைக்கலாம். என்ன கேட்டா கண்ண மூடிட்டு பேக்கிரவுண்டையே போடுங்க. நல்ல ஆட்டம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், ரெக்கார்ட் பட்டன தட்டிட்டு ஆடற அன்னைக்கு ஒன்னுமே நடக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், அந்த டைம்லைன். ஷிஃப்ட் டேப் அடிச்சு ஓவர்லே, அதாவது கேம் மேலயே வர ஸ்டீம் திரைய, திறந்தா நீங்க ஆடின மொத்த நேரமும் ஒரு நீளமான கோடா கீழ கிடக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த இடம், அச்சீவ்மென்ட் விழுந்த இடம் எல்லாம் தானாவே அதுல குறியா இருக்கும். கேம் பண்ணவங்க இதுக்கு சப்போர்ட் குடுத்திருந்தா இன்னும் மேல, ஏன்னா கேமே ஸ்டீம்கிட்ட இந்த செகண்ட்ல இது நடந்துச்சுன்னு சொல்லிட்டே இருக்கும். கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ரெண்டுலயும் இது இருக்கு. ரெண்டும் ஸ்டீம நடத்தற வால்வோட சொந்த கேம், அதனால ஒழுங்காவே செஞ்சிருக்காங்க.

கவுண்டர் ஸ்டிரைக்ல இது எப்படி இருக்கும்னு சொல்றேன். இன்ஃபெர்னோ மேப், பனானாங்கற சந்துல புகை குண்டு (ஸ்மோக்) போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க, அதுக்குள்ள இருந்து ஒருத்தன் வந்து உங்கள போட்டுட்டான். ரவுண்ட் முடிய இன்னும் நேரம் இருக்கு, சும்மா தான் உக்காந்திருக்கீங்க. ஓவர்லேய திறந்தீங்கன்னா நீங்க செத்த இடத்துல குறி இருக்கும், அத தொட்டு ஒரு பத்து செகண்ட் பின்னாடி இழுத்தா போதும், அவன் உங்கள பாத்து அடிச்சானா, ஸ்மோக்குள்ள பாக்காம சும்மா ஸ்ப்ரே பண்ண தோட்டா பட்டுச்சா, நீங்க கிராஸ்ஹேர (குறி பாக்கற புள்ளிய) கீழ எங்கயோ வச்சுட்டு நின்னீங்களான்னு பளிச்சுன்னு தெரிஞ்சிடும். அடுத்த ரவுண்டுக்குள்ள அந்த இடத்த மாத்திக்கலாம். நீங்க பழசப் பாத்துட்டு இருக்கற நேரத்துலயும் ரெக்கார்டிங் பாட்டுக்கு ஓடிட்டு தான் இருக்கும். ஆடறப்பவே கத்துக்கறது இது, ஆடி முடிச்சு ராத்திரி உக்காந்து ரெண்டு மணி நேர வீடியோவ தேடறதோட இத ஒப்பிடவே முடியாது. டோட்டா ஆடறவங்களுக்கு இன்னும் லாபம், ஒரு மேட்ச் சாதாரணமா அரை மணி நேரத்துக்கு மேல போகும், அதுல ரோஷான்ங்கற பெரிய பூதம் இருக்கற குகை (பிட்) கிட்ட நடந்த அந்த ஒரே ஒரு சண்டைய தேடறது எவ்ளோ கடுப்புன்னு ஆடறவங்களுக்குத் தான் தெரியும், இங்க குறிய பாத்து நேரா அங்க குதிச்சிடலாம்.

கேம்லயே டெமோ இருக்கே, ரீப்ளே இருக்கே, வீடியோ எதுக்குன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி தான். கவுண்டர் ஸ்டிரைக் 1.6 காலத்துல பிரவுசிங் சென்டர்ல கன்சோல்ல ரெக்கார்ட்னு டைப் பண்ணி டெமோ எடுத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும், டெமோ ஃபைல் சின்னதா இருக்கும், இப்ப வர டெமோல எந்த பிளேயர் கண்ணுல இருந்து வேணாலும் பாக்கலாம். ஆனா டெமோங்கறது வீடியோ இல்ல, என்ன நடந்துச்சுங்கற தகவல் மட்டும் தான், அத வச்சு கேம் மறுபடி ஆடிக் காட்டுது. அதனால கேம்ல பெரிய அப்டேட் வந்தா பழைய டெமோ சரியா ஓடும்னு சொல்ல முடியாது, டோட்டா ரீப்ளேவ கொஞ்ச நாளைக்குள்ள டவுன்லோட் பண்ணலன்னா சர்வர்ல இருந்தே போயிடும். எதிரி எப்படி யோசிச்சான்னு பாக்க டெமோ, நம்ம ஸ்கிரீன்ல அந்த நிமிஷம் என்ன தெரிஞ்சுச்சுன்னு பாக்கவும், காலத்துக்கும் வச்சுக்கவும் வீடியோ. ரெண்டும் வேணும்.

டைம்லைன் சப்போர்ட் இல்லாத கேம் தான் ஏராளம், அங்க நாமளே கன்ட்ரோல் எஃப்12 தட்டி குறி வச்சுக்கணும். கொஞ்ச நாள்ல கை தானா பழகிடும். கீயும் மாத்திக்கலாம், நான் மவுஸ் பக்கவாட்டு பட்டன்ல வச்சிருக்கேன், சண்டை நடுவுல கீபோர்ட்ல எஃப்12ஐ தேடறதெல்லாம் நடக்கற காரியமில்ல. எல்டன் ரிங் கேம்ல மலேனியாங்கற கஷ்டமான பாஸ் கிட்ட மாட்டிட்டு முழிக்கறவங்க இத கண்டிப்பா பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு தடவை சாவறப்பவும் ஒரு குறி, அப்புறம் அவளோட வாட்டர்ஃபௌல் டான்ஸ்ங்கற தாக்குதல் ஆரம்பிக்கற இடத்த மட்டும் வரிசையா ஓட்டிப் பாருங்க, அவ மேல எழும்பி ஒரு நொடி நிக்கறதும் நாம தப்பிக்க உருண்டு ரோல் பண்ற நேரமும் எங்க ஒத்துப் போகலன்னு தெரிய ஆரம்பிக்கும். கதை இருக்கற கேம்ல அவசரத்துல டயலாக்க ஸ்கிப் பண்ணிட்டாலோ, எங்கயோ சுவத்துல எழுதியிருந்த நம்பர மறந்துட்டாலோ பின்னாடி போய் பாத்துக்கலாம், பேப்பர் பேனா எடுக்க வேண்டியதில்ல.

இடம் எவ்ளோ பிடிக்கும்ங்கறது அடுத்தது. நம்ம ஊர்ல நிறைய பேர் 256 இல்லன்னா 512 ஜிபி எஸ்எஸ்டி வச்சு தான் ஓட்டறோம், அதுல பாதி ரெண்டு கேமே முழுங்கிடும். ரெக்கார்டிங் குவாலிட்டிய செகண்டுக்கு 12 மெகாபிட்ல வச்சா ஒரு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி, ரெண்டு மணி நேரம் வச்சுக்க சொன்னா 10.8 ஜிபி, அதுக்கு மேல போனா பழசு தானா அழிஞ்சு புதுசு ஏறும், டிஸ்க் நிறைஞ்சிடுமோன்னு பயப்பட வேணாம். 24 மெகாபிட்னா அப்படியே டபுள். 1080பில ஆடறவங்களுக்கு 12 போதும், புல்லு, மழை, புகைன்னு ஸ்கிரீன் முழுக்க அசையற கேமா இருந்தா மட்டும் ஏத்திக்கோங்க, ஏன்னா அங்க தான் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்னு கிடந்தா ரெக்கார்டிங் ஃபோல்டர அங்க மாத்தி விடுங்க, இந்த வேகத்துக்கு அது தாராளமா போதும், எஸ்எஸ்டியும் மிச்சம். எந்த கேமுக்கு எவ்ளோ நேரம், எந்த கேமுக்கு வேணவே வேணாம்னு தனித்தனியாவும் வைக்கலாம்.

என்விடியாவோ ஏஎம்டியோ கார்டு இருந்தா என்கோடிங் வேலைய அதுவே பாத்துக்கும், ஆட்டத்துல வித்தியாசம் பெருசா தெரியாது. கார்டே இல்லாத மெஷின்னா சிபியு மேல சுமை விழலாம், அவங்க முதல்ல ஒரு மேட்ச் ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சவுண்டுல ஒரு விஷயத்த கவனிக்கணும். கேம் சத்தம் மட்டுமா, கேமோட நீங்க சொல்ற ஒன்னு ரெண்டு ஆப்பும் சேத்தா, இல்ல கம்ப்யூட்டர்ல வர எல்லா சத்தமுமான்னு கேக்கும். நண்பர்களோட டிஸ்கார்ட் ஆப்ல பேசிட்டு ஆடறவங்க ரெண்டாவத எடுத்து டிஸ்கார்ட சேத்துக்கோங்க, அவங்க கத்தறதும் சிரிக்கறதும் இல்லாத கிளிப்ப ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா உயிரே இருக்காது. மைக்கையும் ரெக்கார்ட் பண்ண விட்டீங்கன்னா வீட்ல பக்கத்துல பேசற பேச்செல்லாம் பதிவாகும், வெளிய ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா கேட்டுடுங்க.

மத்ததோட ஒப்பிட்டா, என்விடியா கார்டோட வர ரெக்கார்டிங் வசதியான ஷேடோபிளே 2013ல இருந்து இருக்கு, இன்ஸ்டன்ட் ரீப்ளே ஆன் பண்ணி ஆல்ட் எஃப்10 தட்டினா முடிஞ்சு போன ஆட்டத்த சேவ் பண்ணிடும், அதிகபட்சம் 20 நிமிஷம். கேம் பேர்லயே ஃபோல்டர் போட்டு, ஃபைல் பேர்ல தேதியும் நேரமும் எழுதி வைக்கும், அது வரைக்கும் நல்ல ஒழுங்கு தான். ஆனா ஃபோல்டர் உள்ள போனா ஐம்பது ஃபைலும் ஒரே மாதிரி நிக்கும், எதுல என்ன நடந்துச்சுன்னு நேரத்த வச்சு ஞாபகப்படுத்திக்கணும்.

ஓபிஎஸ்ங்கற ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் சாப்ட்வேர் மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு, 2012ல ஒரே ஆள் ஆரம்பிச்சது, இன்னைக்கும் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கு. அதுல ரீப்ளே பஃபர்னு இருக்கு, கடைசி சில செகண்ட ரேம்லயே பிடிச்சு வச்சிருந்து ஹாட்கீ தட்டினா ஃபைலா எழுதும். 20 மெகாபிட்ல அஞ்சு நிமிஷம் வச்சா 750 எம்பி ரேம் அதுக்கே போயிடும், 8 ஜிபி மெஷின்ல அது கொஞ்சம் பாரம் தான். அத விட முக்கியம், சேவ் ஆகறது எல்லாம் ரீப்ளேன்னு ஆரம்பிச்சு தேதி நேரத்தோட ஒரே ஃபோல்டர்ல விழும், எந்த கேம்னு கூட பேர்ல இருக்காது. ஸ்கிரிப்ட் போட்டு பிரிக்கலாம், தெரிஞ்சவங்க பண்றாங்க. ஆனா கேம் சத்தம், மைக், டிஸ்கார்ட்னு தனித்தனி டிராக்ல எடுத்து எடிட் பண்ணி யூடியூப்ல போடறவங்க, முகம் காட்டி ஸ்ட்ரீம் பண்றவங்க ஓபிஎஸ்ஸ விட்டு எங்கயும் போகாதீங்க, ஸ்டீம் அந்த வேலைக்கு இல்ல.

ஸ்டீம்ல குறைன்னா முதல்ல சொல்ல வேண்டியது, ரெக்கார்டிங் சாதாரண வீடியோ ஃபைலா டிஸ்க்ல இருக்காது. ஃபோல்டர போய் திறந்தா எம்4எஸ்னு முடியற சின்ன சின்ன துண்டா நூத்துக்கணக்குல கிடக்கும், டபுள் கிளிக் பண்ணி பாக்க முடியாது. ஸ்டீம் உள்ள வச்சு கிளிப் வெட்டி எம்பி4ஆ எக்ஸ்போர்ட் பண்ணா தான் வெளிய வரும், அப்படி வந்த ஃபைல்ல அந்த குறிகள் எதுவும் வராது, வெறும் வீடியோ தான். ரெண்டாவது, ஓவர்லே வேலை செய்யாத கேம்ல இதுவும் வேலை செய்யாது. வேற கடைல வாங்கின கேம ஸ்டீம்ல 'நான்-ஸ்டீம் கேம்'னு (ஸ்டீம்ல வாங்காதது) சேத்துட்டு எடுக்கலாம், பெரும்பாலும் ஓடும், எல்லாத்துலயும் இல்ல. மூணாவது தான் எனக்கு உண்மையிலயே வருத்தம், இவ்ளோ அழகா குறி வைக்கத் தெரிஞ்சவங்க எல்லா ரெக்கார்டிங்லயும் சேத்துத் தேடறத இன்னும் சுலபமாக்கி குடுத்திருக்கலாம். இன்ஃபெர்னோல ஆடினது மட்டும், மூணு கில்லுக்கு மேல அடிச்ச ரவுண்ட் மட்டும்னு கேட்டா எடுத்துக் குடுக்கற அளவுக்கு தகவல் அதுகிட்டயே இருக்கு.

கிளிப்ப ஃபோனுக்கு அனுப்ப க்யூஆர் கோட் காட்டும், ஸ்கேன் பண்ணா போதும், கேபிள் தேட வேணாம். அங்க இருந்து வாட்ஸ்அப்ல போடறப்ப டாக்குமென்ட்டா அனுப்புங்க, வீடியோவா அனுப்பினா அது நசுக்கி எடுத்து, யாரு யார கொன்னாங்கன்னு வர கில் ஃபீட் எழுத்து கூட படிக்க முடியாம ஆக்கிடும். டிஸ்கார்ட்ல காசு கட்டாதவங்களுக்கு 10 எம்பி தான் லிமிட், 12 மெகாபிட்ல ஆறு செகண்டே 9 எம்பி வந்துடும், அதனால அங்க போடறதுக்குன்னா எக்ஸ்போர்ட் பண்றப்பவே சைஸ குறைச்சுக்கோங்க.

வாரக் கடைசில ஒரு தடவ வியூ மெனுல ரெக்கார்டிங்ஸ் அண்ட் ஸ்கிரீன்ஷாட்ஸ் திறந்து, குறிய பாத்து பாத்து வேணுங்கறத கிளிப்பா வெட்டி வச்சுடுங்க, பேக்கிரவுண்ட்ல இருக்கறது எப்படியும் அழியத் தான் போகுது. வெட்டினதுலயும் காலத்துக்கும் வேணும்னு தோணறத உடனே எம்பி4ஆ எடுத்து கேம் பேர், வருஷம்னு போட்ட ஃபோல்டர்ல தனி டிஸ்க்ல வைங்க. விண்டோஸ் திரும்பப் போடறப்ப ஸ்டீம் ஃபோல்டரோட சேந்து போயிடுச்சுன்னா அத யாராலயும் திருப்பிக் குடுக்க முடியாது.