எச்சரிக்கை: "கேமிங் மட்டும்தான் ஓடியது" என்று சொல்லி விற்கப்படும் ஆர்எக்ஸ் 580 கார்டுகள்

சென்னையில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கடையில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அதே மாதிரிக் கார்டுகள் அங்கே இன்னும் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. அதனால்தான் புகாரின் முடிவுக்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

அக்கா மகனின் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு தேவைப்பட்டது. கேம் விளையாட, கொஞ்சம் வீடியோ எடிட் செய்ய ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி மெமரி உள்ளது போதும். கடையில் 6,500 ரூபாய் சொன்னார்கள். "மைனிங்ல ஓடினதா?" என்று நேராகவே கேட்டேன். மைனிங் என்றால் கிரிப்டோ காசு சம்பாதிக்கக் கார்டை இரவு பகலாகக் கணக்குப் போட வைப்பது. "இல்ல சார், ஒரு காலேஜ் பையன் கேமுக்கு வச்சிருந்தான், அப்கிரேடு பண்ணிட்டான்" என்றார் கடைக்காரர். அவர்களுடைய மெஷினில் மாட்டிக் காட்டினார்கள். விண்டோஸில் பெயர் ஆர்எக்ஸ் 580 என்றே வந்தது, ஒரு கேமும் சில நிமிடம் ஓடியது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு, இந்த மெஷினில் நெட் இல்லை, பென்டிரைவ் போட ஓனர் விடமாட்டார் என்றார்கள். ஏழு நாள் செக்கிங் வாரண்டி உண்டு, எது சரியில்லை என்றாலும் மாற்றித் தருவோம் என்று சொன்னார்கள். அந்த வாக்கின் பேரில்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவரை (கார்டை விண்டோஸில் இயக்கும் மென்பொருள்) இறக்கிப் போட்டதும் திரை ஒருமுறை கறுத்தது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. கார்டில் பிரச்சினை என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் மைனிங் செய்தவர்களுக்கு இது பழகிய அறிகுறி. எதீரியம் என்ற கிரிப்டோ காசு 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் முறையையே கைவிடும் வரை நானும் இதே வகைக் கார்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தவன். எதீரியம் மைனிங்கில் கார்டின் கணக்குப் போடும் வேகத்தைவிட மெமரியின் வேகம்தான் முக்கியம். அதனால் கார்டின் பயாஸைத் (அதன் பெயர், வேகம், வோல்டேஜ் எல்லாம் எழுதியிருக்கும் உள் மென்பொருள்) திறந்து, குறைந்த வேகத்துக்கு என்று எழுதப்பட்ட இறுக்கமான மெமரி டைமிங்கை, அதாவது காத்திருப்பு நேர அளவுகளை, எடுத்து அதிக வேகங்களுக்கும் ஒட்டுவோம். கோர் வேகத்தையும் வோல்டேஜையும் குறைப்போம். அப்படிச் செய்தால் ஆர்எக்ஸ் 580 சுமார் 30 மெகாஹாஷ் (விநாடிக்கு 3 கோடி மைனிங் கணக்கு) வரை தரும், கரண்டும் மிச்சம். ஆனால் மாற்றி எழுதிய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது. அதை ஏற்க வைக்க டிரைவர் கோப்பையே திருத்தும் ஒரு சின்னக் கருவி உண்டு. கடையின் மெஷினில் அந்தத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்திருக்க வேண்டும். அங்கே ஓடிய கார்டு என் வீட்டில் ஓடாததற்கு வேறு காரணம் இருக்க முடியாது. நானும் அந்தக் கருவியை ஓட்டிப் பார்த்தேன். உடனே டிரைவர் ஏறிக்கொண்டது.

அப்புறம் ஜிபியு-இசட் போட்டேன். பெயர் ஆர்எக்ஸ் 580. ஷேடர், அதாவது சிப்பில் இருக்கும் சிறு கணக்கு அலகுகளின் எண்ணிக்கை, 2048. உண்மையான 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது 580-ஐவிடக் குறைந்த மாடலான ஆர்எக்ஸ் 570-இன் கணக்கு. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற பெயரில் ஏஎம்டி ஒரு கார்டை விட்டது. அதுவும் உள்ளுக்குள் 570-தான். எனக்கு வந்தது அந்தக் கார்டா, 580 பயாஸ் ஏற்றிய 570-ஆ என்பது எப்படியிருந்தாலும், நான் விலை கொடுத்த பொருள் அது இல்லை. பயாஸில் பெயரை மாற்றி எழுதலாம், ஷேடரைக் கூட்ட முடியாது. கோர் வேகம் 1150 மெகாஹெர்ட்ஸில் நின்றது. 580-இன் பூஸ்ட் வேகம் 1340. இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு யாரும் கேம் ஆடமாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை நான் ஒதுக்கமாட்டேன். வோல்டேஜைக் குறைத்து, ஒரே சூட்டில், நல்ல காற்றோட்டத்தில் ஓட்டிய கார்டுகள் பல இன்றும் நன்றாக இருக்கின்றன. தினமும் சூடாகிக் குளிர்ந்து, தூசி அடைத்துக் கிடந்த கேமிங் கார்டைவிட அவை மேல் என்றுகூடச் சொல்வேன். மைனிங் கார்டு என்று சொல்லி, அதற்கேற்ற விலை வைத்து, பழைய பயாஸைத் திரும்ப ஏற்றி விற்றால் அது நேர்மையான வியாபாரம். கேட்ட பிறகும் பொய் சொல்லி, பெயரையும் மாற்றி விற்றதுதான் என் கோபம்.

இந்தக் கார்டு நல்லபடியாக ஓட்டப்பட்டதும் இல்லை. மெமரி சிப் எந்தக் கம்பெனி என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் 570 பயாஸை ஏற்றி, மெமரியை அதன் இயல்பான 1750 மெகாஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தேன். திருத்தாத டிரைவர் இப்போது ஒழுங்காக ஏறியது. ஆனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் மெமரி எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கேம் ஓடும்போது திரையில் வண்ணச் சதுரங்கள் தெறித்தன. ஒரு விசிறியின் அச்சு ஆடுகிறது. சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய் போர்டில் படிந்திருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

வாரண்டி நாட்களுக்குள்ளேயே கடைக்கு எடுத்துப் போனேன். கிடைத்த பதில்: "நீங்களே மைனிங் போட்டுக் கெடுத்துட்டு வந்திருக்கீங்க சார். பயாஸ் எல்லாம் உங்களுக்குத்தானே தெரியுது, எங்களுக்கு என்ன தெரியும்?" பில்லைக் காட்டினேன். அதில் "கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி, செக்டு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. இது எங்கள் கார்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று என்னையே கேட்டார்கள். கடைசியில் பாதி விலையைக் கழித்துக்கொண்டு வேறு கார்டு தருகிறேன் என்றார் ஓனர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

8 ஜிபி ஆர்எக்ஸ் கார்டு என்றால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். எதீரியம் மைனிங்குக்கான தரவுக் கோப்பு 2020 முடிவில் 4 ஜிபியைத் தாண்டியதும் 4 ஜிபி கார்டுகள் ஓரங்கட்டப்பட்டன. 8 ஜிபி கார்டுகள்தான் 2022 வரை இரவு பகலாக ஓடின. கடையில் ஜிபியு-இசட் போட மறுத்தால் பேசிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். என்விடியா கார்டுக்கும் இது பொருந்தும். பழைய சிப்பில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் எழுதி விற்கும் மோசடி பெருகியதால், 2018-லிருந்தே ஜிபியு-இசட் அப்படிப்பட்ட போலிகளை அடையாளம் காட்டுகிறது. முடிந்தால் விண்டோஸைப் புதிதாக ஏற்றிய ஒரு எஸ்எஸ்டியைக் கொண்டுபோய், அதில் கார்டை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் கட்டாயம்.

கடையில் நான் பார்த்த இன்னொன்று என்னை இதைவிட அதிகமாக உறுத்துகிறது. இருபது வயதுகூட இருக்காத ஒரு தம்பியிடம், இதே கார்டில் ஆறு வாங்கி வீட்டில் ரிக் (பல கார்டு மாட்டிய மைனிங் மெஷின்) போட்டால் மாதம் நல்ல வருமானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்பி, ஆறு கார்டும் போர்டும் சேர்ந்து 900 வாட் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 21.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 1,300 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினாலே கட்டண விகிதம் மாறிவிடும். எதீரியம் போன பிறகு கார்டில் மைனிங் செய்ய மிஞ்சியிருக்கும் கிரிப்டோ காசுகள் அந்த பில்லுக்கே காணாது. கிடைத்ததை விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். மைனிங் மெஷினுக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் அரசு சொல்லிவிட்டது. அதோடு அவர்கள் சும்மா சேர்த்துத் தருவதாகச் சொன்ன ரைசர்கள் (கார்டைப் போர்டோடு இணைக்கும் நீட்டிப்புப் பலகைகள்) ஹார்டு டிஸ்குக்கான சாட்டா இணைப்பில் மின்சாரம் எடுப்பவை. சாட்டா பவர் பின்கள் 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. கார்டோ ரைசரில் இருக்கும் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை இழுக்கலாம். உருகிப்போன கனெக்டர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே அங்கே வாங்கிவிட்டவர்களுக்கு: எனக்கு வந்த கார்டில் இரட்டை விசிறி, பின்தகடு கிடையாது, சீரியல் ஸ்டிக்கர் உரிக்கப்பட்ட பசைத்தடம் இருக்கிறது. உங்களுடையதும் அப்படி இருந்தால் பயாஸில் கை வைக்காதீர்கள். முதலில் ஜிபியு-இசட் வழியாக இப்போதைய பயாஸை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். கோட் 43 தெரியும் திரையையும் ஷேடர் எண்ணிக்கையையும் தேதியோடு வீடியோ எடுங்கள். பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் 1915-ஐக் கூப்பிடுங்கள்.