விழுந்ததைச் சொல்ல எது நல்லது: கைக்கடிகாரமா, கேமராவா, ரேடாரா?

குளிக்கப் போகும்போது அம்மா முதலில் செய்வது, கடிகாரத்தைக் கழற்றி வாஷ்பேசின் ஓரத்தில் வைப்பது. அவர் விழுந்தால் எங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே வாங்கிக் கொடுத்த கடிகாரம். தரை வழுக்குவதும் அங்கேதான், கடிகாரம் கையில் இல்லாததும் அங்கேதான். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான கருவிகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தத் தொழில்நுட்பம் மேல் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த வாஷ்பேசின் ஓரம்தான் கண்முன் வரும்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். பட்ட அடி ஒரு பக்கம் இருக்க, எழ முடியாமல் தரையிலேயே கிடக்கும் நேரமும் ஆளைக் கொல்லும். உடம்பில் நீர் வற்றும், அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 90 வயதைக் கடந்தவர்களை ஓராண்டு கவனித்து 2008இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அழைப்பு மணி வைத்திருந்தும் பெரும்பாலான சமயங்களில் யாரும் அதை அழுத்தவில்லை. மனிதர் அழுத்தாவிட்டாலும் தானாகவே அறியும் கருவி வேண்டும் என்பது அதனால்தான்.

முதலில் கடிகாரம். 2018இல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 வந்தபோது இந்த வசதி பரவலாகப் பேசப்பட்டது. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் திரும்புவதை அளக்கும் சுழல்மானியும் கையின் அசைவைக் கணக்கெடுக்கின்றன. பலமாக விழுந்து, ஒரு நிமிடம் போல அசைவில்லாமல் கிடந்தால், அதுவே அவசர உதவியை அழைக்கும். வீட்டுக்கு வெளியிலும் கூடவே வருவது இதன் பெரிய பலம். ஆனால் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் அமர்ந்துவிடுகிறவருக்குப் பலமான மோதல் எதுவும் பதிவாகாது. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது நழுவுகிறவர் கதையும் அதேதான். தினமும் சார்ஜ் போட நினைவிருக்க வேண்டும் என்பது மறதி நோய் உள்ளவரிடம் கேட்கக்கூடிய காரியமா?

கேமராவுக்கு எல்லாம் தெரியும். எப்படி விழுந்தார், எதில் தடுக்கினார், எழப் பார்க்கிறாரா என்பதுவரை. படத்தை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே அலசி, உடலைக் கோட்டுருவமாக மட்டும் காட்டலாம். இருந்தாலும் கூரையிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் உடை மாற்றவேண்டியவர் நாமல்ல. குளியலறையில் கேமரா கூடவே கூடாது என்பது என் முடிவு. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.

மில்லிமீட்டர் அலை ரேடாரில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். சுவரில் பொருத்தும் சிறு பெட்டி, மிகக் குறுகிய ரேடியோ அலைகளை அனுப்பி அவை பட்டுத் திரும்புவதைக் கவனிக்கும். இருட்டிலும் நீராவியிலும் வேலை செய்யும், முகம் பதிவாகாது, உடம்பில் எதையும் அணிய வேண்டாம். ஆள் எந்த உயரத்தில் இருக்கிறார், எவ்வளவு வேகமாகக் கீழே போனார் என்பதை அலையின் எதிரொலியிலிருந்து பிடிக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணரும். அதனால் மெல்லச் சரிந்தவரையும் இது பிடிக்க வாய்ப்பு உண்டு, தரை மட்டத்தில் மூச்சு மட்டும் தொடர்ந்தால் ஏதோ சரியில்லை என்று ஊகிக்கலாம். குறைகளும் உண்டு. ஓடும் மின்விசிறி, கொட்டும் ஷவர், வளர்ப்பு நாய் எல்லாம் குழப்பும். ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தால் யார் யார் என்று பிரிப்பது கடினம். வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு கோளாறு, பயிற்சித் தரவு, அதாவது விழுவது எப்படி இருக்கும் என்று கருவிக்குக் கற்றுத்தரும் பதிவுகள். உடலில் கட்டிய உணரிகளால் விழுகைகளைப் பதிந்த, பலரும் எடுத்தாளும் சிஸ்ஃபால் என்ற தரவுத் தொகுப்பு 2017இல் வெளியானது. அதில் விழுந்து காட்டியவர்கள் 23 இளைஞர்கள். வயதானவர்களில் விழுந்து காட்டியவர் ஒரே ஒருவர், ஜூடோ தெரிந்த 60 வயதுக்காரர். மற்ற முதியவர்களை விழச் சொல்ல முடியாதுதான், அது நியாயமே. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டே சரியும் 85 வயதுக்காரரை இளைஞனின் விழுகை எப்படிக் கற்றுத்தரும்? இன்னொரு சின்னக் கணக்கு: ஆண்டுக்கு இரண்டு முறை விழுகிறவருக்கு நாளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை வந்தால், 365 பொய்க்கு 2 உண்மை. ஒரே வாரத்தில் கருவி அலமாரிக்குள் போய்விடும்.

கண்டறிந்த பிறகு நடப்பதையும் நாங்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். “நலமாக இருக்கிறீர்களா?” என்று கருவி குரலில் கேட்கிறது. காது கேளாதவருக்கு அது எட்டாது. பக்கவாதத்தால் பேச்சு குழறுகிறவரின் பதில் கருவிக்குப் புரியாது. அதிர்வு, ஒளி, ஒரே பெரிய பொத்தான் ஆகியவை கருவியின் முதல் வடிவமைப்பு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைப் போடும் மேசையில் அவர்களும் உட்கார வேண்டும்.

என்னைக் கேட்டால், குளியலறைக்கும் படுக்கையறைக்கும் ரேடார், வெளியே நடமாடுகிறவருக்குக் கடிகாரம். கூடவே இழுத்தால் மணியடிக்கும் அந்தப் பழைய கயிறும் இருக்கட்டும், அதற்கு சார்ஜ் வேண்டாம். ஆனால் பொதுக் கழிப்பறைகளில் அதைத் தரை கூட்ட இடைஞ்சல் என்று மேலே சுருட்டிக் கட்டியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தரையில் கிடப்பவரின் கைக்கு எட்டுகிற மாதிரி அதை அவிழ்த்து விடுங்கள்.