யாழ்ப்பாணத்து முகங்கள்: போய்ப் பார்க்க வேண்டிய ஒரு கண்காட்சி

யாழ் நகரில் ஒரு பழைய நாற்சார் வீட்டில் உருவப்படக் கண்காட்சி ஒன்று நடக்கிறது. படம் பிடித்தவர் எங்கள் ஊர்ப் பிள்ளை. நுழைவுக் கட்டணம் இல்லை, கட்டாயம் போங்கள்.

எங்கள் முகங்களைப் பல வருடங்களாக வெளியாட்கள்தான் அதிகம் எடுத்தார்கள். ஒன்றில் போரின் காயம், இல்லாவிட்டால் ஒரு ஆச்சியின் முகச்சுருக்கத்தைக் கிட்டப் போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இங்கே படப்பிடிப்பாளர் ஒரு வெறும் துணியைப் பின்னால் கட்டிவிட்டு, எதை உடுப்பது, எப்படி நிற்பது, கையில் எதை வைத்திருப்பது என்று எல்லாவற்றையும் நிற்பவரிடமே விட்டிருக்கிறார். குருநகர் மீனவர் ஒருவர் வலையையும் படகையும் விட்டுவிட்டு, வேட்டி சால்வையோடு யாகப்பர் கோயில் பெருநாளுக்கு வெளிக்கிட்ட மாதிரி நிற்கிறார். ஆனால் பனையில் கள்ளுச் சீவுகிற தொழிலாளி ஒருவர், மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநாரையும் கத்தியையும் மடியில் வைத்து, இதுதான் நான் என்று சொல்லுகிற மாதிரி நேரே பார்க்கிறார். இரண்டு பேரும் தாங்களே எடுத்த முடிவு அது, பார்க்கிற எங்களுக்கும் தெரிகிறது.

யாழ் நகரில் முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரின் படத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது போய், பிறகு திரும்பி வந்தவர். கழுத்தில் அளவு நாடா, வலது கை தையல் மெசின் மேல். படக் குறிப்பில் அவர் வெளியேறிய வருடமும் திரும்பி வந்த வருடமும் மட்டும்தான். அதை ஊதிப் பெருப்பிக்காமல் விட்டது நல்ல முடிவு, தமிழர்கள் நாங்கள் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் சும்மா நிற்கத்தான் வேண்டும்.

இன்னொரு விசயம், படத்துக்கு நின்ற ஒவ்வொருவருக்கும் சட்டம் போட்ட பிரதி ஒன்றை முதலே கொடுத்துவிட்டாராம். போரில் ஊரே வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பக்கம் நடந்து போனபோது அல்பத்தைத் தூக்க முடியாமல் விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ, திரும்பி வந்தபோது கலியாணப் படம்கூட இல்லை. அப்படியான ஒரு வீட்டுச் சுவரில் இப்போது ஒரு படம் தொங்கும் என்பது எனக்குக் கண்காட்சியைவிடப் பெரிய விசயம்.

சரி, குறைகளும் இருக்கின்றன. குறிப்புகளில் ஆங்கிலம் பெரிய எழுத்தில் மேலே, தமிழ் பொடி எழுத்தில் கீழே. கண்ணாடி போடாமல் வந்த வயதானவர் ஒருவர் மகளை வாசித்துக் காட்டச் சொன்னார். உள் அறையில் லைட் படச் சட்டத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் வீட்டு முற்றத்தில். இங்குள்ள திருநெல்வேலிச் சந்தையில் விடியவே மரக்கறி பரப்புகிற அக்காமார், தாதிமார், வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. இளம் ஆட்களும் குறைவு. யாழ்ப்பாணம் என்றால் வயதானவர்கள் மட்டும்தானா?

பகல் வெளிச்சத்தில் போனால் நல்லது, விறாந்தைப் படங்கள் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். படப்பிடிப்பாளரிடம் ஒரு வேண்டுகோள்: தம்பி, இங்கே முடிந்ததும் இவற்றைக் குருநகருக்கும் சோனகதெருவுக்கும் கொண்டுபோங்கள். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, சுவரும் இருக்கிறது, ஆணி அடிக்க நாங்கள் வருகிறோம்.