சதவீதமா, சதவீதப் புள்ளியா?

2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி), ஜூனுக்குள் 5.50-க்குக் கொண்டுவந்தது ரிசர்வ் வங்கி. "1 சதவீதம் குறைப்பு" என்று சொல்வது வழக்கம். கணக்குப்படி அது 1 சதவீதப் புள்ளி. 6.50-இல் 1 குறைந்தால், சதவீதக் கணக்கில் சுமார் 15.4 சதவீதம் சரிவு.

சதவீதம் பழைய அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. சம்பளம், தக்காளி விலை, மழையளவு என்றால் அதுவே சரி, புள்ளிக்கு அங்கே வேலையில்லை. வட்டி, தேர்ச்சி விகிதம், வாக்கு விகிதம் ஆகியவை ஏற்கெனவே சதவீதத்தில் இருப்பவை. இவற்றில் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளிதான். வங்கிக்காரர்கள் இதையும் நூறாக உடைத்து 'அடிப்படைப் புள்ளி' என்பார்கள். 25 அடிப்படைப் புள்ளி என்றால் கால் சதவீதப் புள்ளி.

30 லட்சம் வீட்டுக்கடன், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1 புள்ளி குறைந்தால் முதல் வருட வட்டியில் ஏறக்குறைய 30,000 ரூபாய் மிச்சம். வட்டி விகிதமே 1 சதவீதம் மட்டும் குறைந்தால் 2,550 ரூபாய்தான். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, செய்தி எழுதுபவர்கள் 'புள்ளி'யை விட்டுவிடவே கூடாது. இடம் போதவில்லையா? "6.50-இலிருந்து 5.50-க்கு" என்று இரண்டு எண்ணையும் போட்டுவிடலாம்.