கோன்-டிக்கி உலை: புகை இல்லை, தண்ணீர்தான் தொல்லை

போன வாரம் உலையின் அடித்தகடு ஓட்டை விழுந்து பட்டறைக்குப் போய் வந்தது. அந்த நேரம் பார்த்து அருப்புக்கோட்டையிலிருந்து மச்சான் போன் செய்தார்: "பயோசார் உலை ஒண்ணு நானும் அடிக்கட்டுமா மாப்ளே?" பயோசார் என்றால் பயிர்க்கழிவை அதிகக் காற்றுப் படாமல் சுட்டு, மண்ணில் போடச் செய்கிற கரி. மச்சானுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூம்பு, தகடு, அளவு எல்லாம் தெரிந்தவர்களுக்கு.

2014வாக்கில் சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட் குழுவினர் உருவாக்கிய வடிவம்தான் இந்தக் கோன்-டிக்கி, மேலே திறந்த இரும்புக் கூம்பு உலை. நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே அடித்துவிடலாம். தீ மேல்பக்கம்தான் எரியும். அடியில் கிடக்கும் பருத்திமாருக்கு, அதாவது காய்ந்த பருத்திச்செடித் தண்டுக்கு, காற்று போகாது. அதிலிருந்து கிளம்பும் வாயுவை மேலே எரியும் தீயே தின்றுவிடும். கரிமூட்டம் போட்டால் ஊரே இருமும். இதில் கண்கூட எரியாது. ஒரே நிபந்தனை, மார் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் புகையோடு மீத்தேனும் வெளியேறும்; சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

பருத்தி எடுத்து முடித்ததும் மாரைப் பிடுங்கி அழிக்காவிட்டால், மிச்சக் காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கிவிடும். எப்படியும் கொளுத்தப் போவதைக் கரியாக்குகிறோம், அவ்வளவுதான். 100 கிலோ காய்ந்த மாருக்குச் சுமார் 20 கிலோ கரி நிற்கும். மாரில் இருந்த கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் தங்கும். மண்ணில் போட்டால் அதில் பெரும்பகுதி நூறு வருடத்துக்கு மேலும் கிடக்கும். சும்மா கொளுத்தினால் கிட்டத்தட்ட எல்லாமே காற்றோடு போய்விடும்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருவோம். கரி தயாரானதும் உடனே அணைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மேல்கரி சாம்பலாகிவிடும். அணைக்கத் தண்ணீர் வேண்டும், அதுவும் தொட்டிக் கணக்கில். மானாவாரிப் பருத்தி முடிவது மாசி, பங்குனியில். அப்போது கிணற்றில் என்ன இருக்கும்? மாட்டுக்குக் காட்டவே யோசிக்கிற காலத்தில், தீயில் குடம் குடமாக ஊற்றுவதை வீட்டில் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

தண்ணீருக்குப் பதில் மண்ணைப் போட்டு மூடலாம் என்பார்கள். மூடலாம். எங்கோ விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், விடியற்காலையில் திறந்தால் பாதி சாம்பல். மீதியைச் சலித்து மண்ணைப் பிரிக்க வேண்டும். கரியோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. அடித்தகடு போனதும் இந்தத் தண்ணீரால்தான்: பழுத்த இரும்பில் ஊற்றுகிறோம், அது அடியில் தேங்கி நிற்கிறது. இப்போது கனத்த தகடு வைத்து, வடிகாலுக்கு ஒரு வால்வும் போடச் சொன்னேன். முதலிலேயே போட்டுக் கொடுக்கப் பட்டறைக்காரருக்குத் தோன்றவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பங்கைக் கரியே குடித்துக்கொள்கிறது. அதில் கோமியமும் சாணியும் கரைத்து ஊற்றினால் சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெறும் கரியை அப்படியே வயலில் போடுவது தப்பு, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை அது முதலில் இழுத்துக்கொள்ளும். மாட்டுக்கொட்டிலில் கொஞ்சம் தூவினேன், மூத்திர நாற்றம் குறைந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

விளைச்சலா? கரிசலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே களர்ப்பக்கம், அதாவது காரத்தன்மைப் பக்கம் சாய்ந்த மண், கரிக்கும் அதே காரத்தன்மைதான். கிழக்கே இருக்கிற செவல் துண்டில் ஈரம் கூடுதல் நாள் நிற்கிறது, கடலை தெளிவாக இருக்கிறது. கார்பனை மண்ணில் பிடித்து வைப்பதற்குப் பணமாகும் கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். எடை போடு, ஈரப்பதம் பார், படம் எடு என்றார்கள். எல்லாம் செய்தோம். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: உங்களுக்கு இருப்பது முழுக்கக் கரிசல், பங்குனியில் கிணறும் வற்றிவிடும், வேண்டாம். "அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்திடு" என்றார். அதெல்லாம் தர முடியாது மச்சான், அடுத்த வாரம் சோளத்தட்டை போடணும்.