லிப் ஏஐஓ, ஐஓ யூரிங், எஸ்பிடிகே: வேகமான எஸ்எஸ்டிக்கு எது?

லினக்ஸில் ஒரு நிரல் டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் மூன்று வழிகள் இவை. சுழலும் வட்டில் ஒரு ரீடு முடியச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். அதில் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சில மைக்ரோ விநாடிகளைத் தின்றாலும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நல்ல நேண்ட் (ஃபிளாஷ் நினைவகம்) எஸ்எஸ்டி 100 மைக்ரோ விநாடிக்குள் பதில் தந்துவிடுகிறது. இன்டெலின் ஆப்டேன் பி5800எக்ஸ் என்ற எஸ்எஸ்டிக்கு 5, 6 மைக்ரோ விநாடியே போதும். (2022இல் ஆப்டேனைக் கைவிட்டார்கள், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.) அந்த வேகத்தில் வன்பொருள் எடுக்கும் நேரத்துக்குச் சமமாக மென்பொருளும் எடுத்துக்கொள்கிறது.

லிப் ஏஐஓ பழைய வழி. வேலையைக் கொடுக்க ஒரு சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கை), முடிவை வாங்க இன்னொன்று. கோப்பை ஓ டைரக்ட் (கர்னலின் கேச்சைத் தவிர்க்கச் சொல்லும் கொடி) இல்லாமல் திறந்தால் வேலையைக் கொடுக்கும் இடத்திலேயே நிரல் காத்து நின்றுவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தொட வேண்டியதில்லை.

ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஐஓ யூரிங் 2019இல் லினக்ஸ் 5.1 உடன் வந்தது. நிரலும் கர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வளையங்கள்: ஒன்றில் வேலையைப் போடலாம், மற்றதில் முடிந்ததை எடுக்கலாம். ஒரே சிஸ்டம் காலில் பல வேலைகள் போகும். மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்புக் குறைக்கான தடுப்புகளால் 2018இலிருந்து பல சிபியுக்களில் சிஸ்டம் காலின் விலை ஏறிவிட்டதால் இது நல்ல மிச்சம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ரீடு மட்டும் என்றால், வெறுமனே இதற்கு மாறுவதால் பெரிய லாபம் கிடைக்காது. வேலை முடிந்தது என்று டிரைவிலிருந்து இன்டரப்ட் வந்து நிரலை எழுப்பும் செலவு அப்படியே இருக்கும். அதைத் தவிர்க்க ஐஓபோல் (இன்டரப்டுக்குக் காத்திராமல், முடிந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் முறை) வேண்டும். எஸ்எஸ்டியை இயக்கும் என்விஎம்இ டிரைவரில் அதற்கான போலிங் கியூ ஒதுக்காமல் அதை மட்டும் போட்டுவிட்டு, 'ஒன்றும் மாறவில்லையே' என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். எஸ்க்யூபோல் இன்னும் ஒரு படி மேலே: கர்னல் த்ரெட் ஒன்று வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சிஸ்டம் காலே தேவைப்படாது. ஆனால் அதற்குத் தனி சிபியு கோர் கொடுக்காவிட்டால் உங்கள் நிரலோடு மல்லுக்கட்டி, இருந்த வேகத்தையும் கெடுத்துவிடும்.

இன்டெல் 2015இல் திறந்த மூலமாக வெளியிட்ட எஸ்பிடிகே கர்னலையே ஒதுக்கிவிடுகிறது. டிரைவர் உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும். இன்டரப்ட் கிடையாது, சிஸ்டம் கால் கிடையாது. மூன்றில் தாமதம் குறைந்தது இதுதான். சரி, விலை? வேலை இல்லாதபோதும் ஒரு கோர் 100 சதவீதம் சுழலும். டிரைவ் கர்னலின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை இல்லை, படித்ததை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேச் இல்லை. இருக்கிற தரவுத்தளத்தைத் தூக்கி அதன்மேல் அப்படியே வைக்க முடியாது.

டிரைவ் முழுவதையும் தானே ஆளும் ஸ்டோரேஜ் சர்வர் எழுதினால் மட்டும் எஸ்பிடிகே. மற்றபடி ஐஓ யூரிங் என்பதே என் தேர்வு. ஒரு தடங்கல் உண்டு: பாதுகாப்புக் காரணங்களுக்காக கூகுள் 2023இல் தன் சர்வர்களில் ஐஓ யூரிங்கை முடக்கியதாக அறிவித்தது, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரும் இயல்பாகவே அதைத் தடுக்கிறது. கன்டெய்னரில் ஓட்டுகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது சாதாரண நேண்ட் டிரைவா? அப்படியானால் நிரலில் கைவைக்கும் முன் ஐஓ ஷெட்யூலரை (வேலைகளை வரிசைப்படுத்தும் கர்னல் பகுதி) 'நன்' ஆக்கி, எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியில் கியூ ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரு வேலை) வைத்து 99ஆம் சதமானத்தை (நூற்றில் 99 வேலைகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். அங்கே தெரியும் தாமதம் பெரும்பாலும் டிரைவினுடையதாகவே இருக்கும்.